நாற்பத்தெட்டு கிலோ மிச்சம்

மார்ச் 4
எடைமேடையில் இன்று முப்பத்தொரு லாரி. முதுகு விட்டுப்போனது. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். தம்பி இறந்துபோய் இரண்டு மாதம். நாங்கள் சேர்ந்து ஆடிய விளையாட்டு விட்ட இடத்திலேயே நிற்கிறது. அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் சரிபாதி உருக்கிப் படகுக்குக் கட்டி வார்க்க வேண்டும். அடர்த்தி 2.2 வரும். நான்கு வார்த்தேன்.

மார்ச் 5
விளையாட்டில் கட்டிகளைப் போட்டுவைக்கும் பெட்டியில் பத்துக் கட்டிகள். ஆறு என்னுடையவை அல்ல. அடர்த்தி 2.09.

மார்ச் 6
உருக்கப் போடும் உலோக உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு. சரிபாதி என்றால் எண்ணிக்கையில் பாதி. தம்பி மட்டும் எடையில் பாதி போடுவான். மெக்னீசியம் லேசு, அதனால் அதுவே அதிகம் விழும், கட்டி 2.09 ஆகிவிடும். எத்தனை தடவை திட்டியிருப்பேன். "எடைமேடைக்காரன் தம்பி வேற எப்படிண்ணா பாப்பான்?" என்பான்.

இணையத்தில் ஆடுவதல்ல இது. கடவுச்சொல் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். நானே செய்துவிட்டு மறந்தேனா?

மார்ச் 8
"ஞாயித்துக்கிழம மாமா வந்து கம்ப்யூட்டர எடுத்துட்டுப் போவாருடா. உள்ள இருக்கறத அழிச்சிட்டு அவர் பொண்ணுக்குக் குடுக்கப்போறாராம்" என்றாள் அம்மா. தலையாட்டினேன். பயமாக இருக்கிறது. அவன் உள்ள இருந்தான்னா? அழிச்சா எங்க போவான்?

மார்ச் 9
மதியம் படகை முடித்து ஏரியில் இறக்கினேன். நூற்றிருபது கிலோ தாங்கும். விளையாட்டில் என் ஆள் எழுபத்தொன்று, அவன் கவசம் பன்னிரண்டு. படகில் ஏறிய எடை எண்பத்து மூன்று காட்ட வேண்டும். நூற்று முப்பத்தொன்று காட்டியது. தண்ணீர் உள்ளே ஏறியது. கவசத்தைக் கழற்றி வீசினேன். நூற்றுப் பத்தொன்பது. படகு நின்றது. எதிரே உட்காரும் பலகை காலி.

எப்படிக் கழித்தாலும் நாற்பத்தெட்டு மிச்சம். விளையாட்டில் தம்பி தன் ஆளுக்குக் கொடுத்த எடை ஐம்பத்தைந்து. நாற்பத்தெட்டு, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அவன் எடை.

மார்ச் 10
காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்புறம் எடை ஏறவே இல்லையா அவனுக்கு?"

மாமாவை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒரு ஆள் செஞ்சு குடுடா. எடை ஐம்பத்தாறுன்னு போடு" என்றாள்.

மூன்று பேருக்கு இந்தப் படகு தாங்காது. பெரிதாக ஒன்று கட்ட நாற்பது கட்டிகளாவது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தேன்.

நாற்பது இருந்தன. எல்லாம் 2.09.