கம்பளிச் சட்டை அலமாரியிலேயே இருக்கட்டும்

என்னங்க, கடை திறக்கப் போயிட்டேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். உங்க அக்கா பத்து மணிக்கு வர்றாங்க. அவங்க பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பாப்பாவுக்குப் போடக் கூடாது. போன தடவை மரியாதைக்காக ஒரு மணி நேரம் போட்டோம். முழங்கை மடிப்பை ரத்தம் வரச் சொறிஞ்சுட்டா. நேத்து மாதிரி நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி, இதுல பேரமே கிடையாது.

வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டுங்க. தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள, அவ கரப்பானுக்கு டாக்டர் கொடுத்த களிம்பைத் தாராளமாப் பூசி, பருத்திச் சட்டை போடுங்க. "சொறியாதே"ன்னு அதட்டாதீங்க, அரிக்கிற இடத்துல ஈரத்துணி வைங்க.

அக்கா கேட்டா, நான்தான் வேண்டாம்னேன்னு தைரியமாச் சொல்லுங்க.

பி.கு.: அவங்க முகம் வாடுறதைப் பார்க்க மனசு கேக்கலைன்னா, அந்தச் சட்டையை உங்க வெறும் கழுத்துல சுத்திக்கிட்டு, அவங்க கிளம்புற வரைக்கும் எதிர்ல உட்காருங்க. சொறியக் கூடாது.