கருவாட்டுக்கு அடியில்

திருவாடானை
8.4.2020

அன்புள்ள ஜோதிமேரி அக்காவுக்கு, சேதுலட்சுமி எழுதுவது.

நலம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் நலமா? இன்றைக்கு எட்டாம் தேதி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து கதை பேசியிருக்க வேண்டிய நாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தவறிவிட்டது. ஊரடங்கில் பஸ் இல்லை.

மையத்து நர்ஸ் ஹெலன் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி ஆள் வாசலில் வந்து நின்றால் தெரு முழுக்கக் கேட்கும். அண்ணனும் அண்ணியும் இன்னமும் அதைத் தைராய்டு மாத்திரை என்றே நினைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு விட்டுப்போனது எச்.ஐ.வி. என்று தெரிந்தால், இந்த வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு இருக்குமா?

பத்து மாத்திரைதான் மிச்சம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். போனில் பேசினால் அண்ணி காதில் விழும். அதனால் காய்கறி வேன் ஓட்டும் கீழக்கரை சஃபீரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சேது

அக்காள்மடம்
12.4.2020

ஏ சேது,

இன்றைக்கு ஈஸ்டர். கோயில் பூட்டிக் கிடக்கிறது. நல்ல நாளில் திட்டுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போட இது என்ன தலைக்குக் குளிக்கிற கணக்கா? நீ ஓய்வு கொடுக்கிற நாளில் கிருமி ஓயாது. அப்புறம் இந்த மாத்திரைக்கே அடங்காது. எங்கள் வீட்டுக்காரர் சந்தனம் கடலுக்குப் போன நாளெல்லாம் மாத்திரையை மறந்தார். இரண்டே வருஷத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். இன்னொரு ஆளைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஹெலனிடம் கேட்டேன். நம் இருவருக்கும் ஒரே மாத்திரைதானாம். எனக்கு வீட்டுக்கே வந்து இரண்டு மாதத்துக்குத் தந்திருக்கிறாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஒரு டப்பாவை உனக்கு அனுப்புகிறேன். முப்பது இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதமும் அங்கேதான். கருவாட்டை எவர் கிளறப் போகிறார்?

தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போடு. நானும் அதே நேரத்துக்குப் போடுகிறேன். ஒன்று கேட்கிறேன், கூடப் பிறந்த அண்ணனை ஒருதடவையாவது நம்பிப் பார்த்தாயா நீ?

உன் அக்கா,
ஜோதிமேரி

திருவாடானை
17.4.2020

அக்கா,

நாங்கள் சைவம். மாசாமாசம் நீங்கள் ஆசையாகக் கொடுத்த கருவாட்டை வேண்டாமென்று சொல்ல மனசு வராமல், வாங்கி வாங்கி ஆஸ்பத்திரி வாசல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறேன். என் பொய் என்னையே பிடித்துக்கொண்டது.

வாடை தாங்காமல் அண்ணி கத்தினாள். அண்ணன் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார். டப்பா உருண்டது. கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டார். இரண்டு நாளாக வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அண்ணி என் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். டப்பாவும் அண்ணனிடம்தான் இருக்கிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சேது

அக்காள்மடம்
24.4.2020

என் தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். கை கேட்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முருங்கைக்காய்க்கு அடியில் வைத்திருப்பேனே, பைத்தியக்காரி! ஆறு வருஷமாக அந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஏன் அப்படிச் சிரித்தான் என்று இப்போதுதான் புரிகிறது.

தப்பு என்னுடையது. என்னோடு கோபமாக இரு, மாத்திரையோடு கோபித்துக்கொள்ளாதே. எட்டு மணிக்கு உனக்கும் சேர்த்து மாதாவிடம் கேட்கிறேன். நீ பதில் போடாவிட்டாலும் கேட்பேன்.

ஜோதி

திருவாடானை
9.5.2020

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கத்தில் இத்தனை நாள் எழுதவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாம் என்ற அந்தக் கடிதத்தை சஃபீரிடம் கொடுத்தனுப்பிவிட்டு அழுதுகொண்டு படுத்திருந்தேன். அண்ணன் வந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் மாத்திரை. "இந்தம்மா எட்டு மணின்னு எழுதியிருக்காக. மணி ஆச்சு, போடு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே விழுங்கினேன்.

மறுவாரம் ஊரடங்குப் பாஸ் வாங்கிக்கொண்டு, மையத்தில் தந்த என் பச்சைப் புத்தகத்தோடு ராமநாதபுரம் போய் வரிசையில் நின்று இரண்டு மாதத்துக்கு வாங்கி வந்துவிட்டார். யாருக்கு என்று கேட்டதற்கு, "என் தங்கச்சிக்கு" என்று உரக்கச் சொன்னாராம். ஹெலன் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அண்ணிக்குத்தான் நாள் பிடித்தது. ஒருநாள் மத்தியானம் அண்ணன் என் தட்டைத் தேடி எடுத்து, அதில் தனக்குச் சோறு போடச் சொல்லி உட்கார்ந்தார். அண்ணி பரிமாறினாள். இப்போது எல்லாத் தட்டோடும் என் தட்டும் கிடக்கிறது. எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் டப்பாவில் மிச்சம் இருந்ததைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முருங்கைக்காய்க்கு மேலேயே வைத்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள்கூட விடக்கூடாது.

இதோ, அண்ணன் வாசலில் நின்றே கத்துகிறார்: "ஏத்தா சேது, எட்டாச்சு! மாத்திரை!" தெருவுக்கே கேட்கும். "மெதுவாத்தான் சொல்லுங்களேன்" என்று திட்டிக்கொண்டே அண்ணி தண்ணீர் கொண்டுவருகிறாள்.

நிறுத்துகிறேன் அக்கா. உங்களுக்கும் மணி எட்டு.

உங்கள் தங்கச்சி,
சேதுலட்சுமி