ஓடாத கோச்சி

7 மார்ச் 2004, ஞாயிறு. மியூனிக்.

தம்பியின் அகதி விண்ணப்பத்தைக் கடைசியாகவும் நிராகரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவன் நாட்டைவிட்டுப் போகவேண்டும். லண்டனுக்கு ஓடிவிடு என்று நான்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பையையும் கட்டிவைத்தாயிற்று.

அறைக்குள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இன்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கிலாந்தில் செய்த பழைய நீராவி ரயில் இயந்திரம் ஒன்று, துண்டுத் தண்டவாளத்தில் கறுப்பாக நின்றது. அதைவிட்டு அவன் நகரவில்லை.

"அக்கா, இந்தக் கோச்சி திரும்பிப் போகாதோ?"

"இல்லையடா. இஞ்சையே வைச்சிருக்கப் போகினமாம்."

"ஏனாம்?"

"இனி ஓடாதெல்லோ, அதுதான்."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நானும் ஓடாமல் நிண்டால் வைச்சிருப்பினமோ?"

காவலாளி திரும்பிப் பார்த்தார். அவன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது பக்கத்து அறையில் பையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப அலுமாரியில் அடுக்குகிறான். எழும்பிப்போய்த் தடுக்கவேண்டும். என்ன சொல்லித் தடுப்பது? ஓடு என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை.

அலுமாரியைச் சாத்திவிட்டான்.