றோட்டைப் பார்த்து நிற்கிற கார்

இஞ்சாரும்,

ஸ்பெயின் பாலைவனத்திலை நானும் மகள் துஷாராவும் நாள் முழுக்க நடந்தனாங்கள். என்ரை முழங்கால் தாங்கிட்டுது, பயப்பிடாதையும்.

பின்னேரம் காருக்குள்ளையே படுக்கலாமெண்டு அவள் சீற்றை மடிச்சாள். நான் காரை றோட்டைப் பார்க்கத் திருப்பி விட்டிட்டு, சப்பாத்தோடையே சரிஞ்சன். ஒஸ்லோ வீட்டிலை சப்பாத்து கட்டிலடியிலை ஏன் கிடக்குதெண்டு நீர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் கேட்டாள். "அப்பா, இஞ்சை ஆர் வரப்போகினம்?"

ஊரிலை ராவிலை ஆமி வந்து என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு நான் வெறுங்காலோடை முள்ளுக்குள்ளாலை ஓடினதை முழுக்கச் சொன்னன்.  அவள் என்ரை சப்பாத்துக் கயித்தை அவிட்டாள்.

இண்டைக்கு வெய்யில் முகத்திலை அடிக்கத்தான் எழும்பினன். சப்பாத்து எங்கையெண்டு தேடவேண்டி வந்துதப்பா.

உம்மடை மனுசன்