கதையில் செத்தவர்களை எல்லாம் கப்பல் ஏற்றிவிட்ட மாமாவுக்கு

என் ராசா மாமா,

நூலகத்து வாசகர் வட்டத்தில் மலர் போடுகிறார்களாம். நான் படித்த கதைகளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லி, நூலகத்து வனஜா மேடம் என் கையில் நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். "தப்பு இருந்தா நான் திருத்திக்கிறேன்க்கா" என்றார்கள். எதை எதைத் திருத்துவார்கள் என்பதில்தான் எனக்கு இப்போது சந்தேகம்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கார்டில் நான்தான் புத்தகம் எடுக்கிறேன். சிரிக்காதே. மார்க்கெட்டில் மீன் வெட்டிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஓடும். நீ முன்பு எனக்குப் படித்துக் காட்டிய கதைகளாகவே தேடி எடுக்கிறேன். கதை தெரிந்திருந்தால் எழுத்துக் கூட்டுவது சுலபம் என்று நினைத்தேன்.

துப்பறியும் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை மாமா. கடைசியில் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். கொலை பண்ணினவனும் காபி குடித்துக்கொண்டே கேட்கிறான். எவன் உட்கார்ந்திருப்பான்? ராஜா கதையில், ராணி தனியாகப் படுத்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. எழுதினவருக்கு யார் போய்ச் சொன்னது? பேய்க் கதையில் பேய் பங்களாவுக்குத்தான் வருகிறது. நம் வீட்டுக்கு வந்தால் நிற்க இடம் இருக்காது என்று அதற்குத் தெரியும் போலிருக்கிறது.

எனக்குப் பிடித்தது, அக்காவும் தங்கையும் மாவு மிஷின் வைக்கிற அந்தக் கதைதான். அதில் ஒருத்தரும் அழகாகப் பேசுவதில்லை. அதனாலேயே நம்பினேன். அதில்தான் நீ மாட்டிக்கொண்டாய்.

நீ சொன்ன கதையில் தங்கை புருஷன் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனான். புத்தகத்தில் அவன் செத்துப்போகிறான். நான்தான் தப்பாகக் கூட்டுகிறேனோ என்று மூன்று தடவை படித்தேன். செத்துத்தான் போயிருக்கிறான். பிறகு ராஜா கதையைப் புரட்டினேன். கடல் தாண்டிப் போனதாக நீ சொன்ன தளபதி யுத்தத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். பேய்க் கதையின் பங்களாக்காரரும் அப்படியே.

நீ சிப்காட்டில் நைட் வாட்ச்மேன் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து, நான் கருவாடு திருப்பிப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாயே, அப்போதே ஒருநாள் கேட்டேன்.

"என்னா மாமா, எல்லாரும் கப்பலுக்கே போறானுவோ? நம்ம துறைமுகத்துலகூட இவ்ளோ கூட்டம் இல்லியே."

"எழுதுறவன் ஊரு கடலோரமா இருக்கும்டி. நீ சந்தேகப்படுறதுதான் ஜாஸ்தி. கருவாட்டத் திருப்பு."

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குப் புரிகிறது. கல்யாணமான புதிதில், ஒரு கதையில் குழந்தை செத்ததற்கு நான் இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். அதோடு என்னை எடைபோட்டு வைத்துவிட்டாய். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் புத்தகத்தோடு நிறுத்தினாயா?

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீ மட்டும் டாக்டரிடம் போனாய். ஒருத்தருக்குத்தான் உள்ளே இடம் என்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மற்றவர்கள் எல்லாம் இரண்டு பேராகத்தான் போனார்கள். வெளியே வந்து, "வயித்துப் புண்ணாம். காரத்தக் கொறைக்கணுமாம். உன் கொழம்ப டாக்டரே குத்தம் சொல்லிட்டாரு" என்றாய். நானும் சிரித்துவிட்டேன்.

மிளகாயை விட்டேன். புளியை விட்டேன். ஏழு வாரத்தில் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து, உன்னைக் கொன்றது என் குழம்புதானோ என்று நினைத்துக்கொண்டே அடுப்படியில் நிற்கிறேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை மாமா.

மாவு மிஷின் கதையைப் படித்து முடித்த மறுநாள் அந்த ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். நூலகத்துக்குக் கொண்டுபோய், "இதுல என்னா போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்று வனஜா மேடத்திடம் கொடுத்தேன். வேறு ஒரு வார்த்தை நான் பேசவில்லை. நாலு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"வயித்துப் புண்ணுதான்க்கா. அண்ணன் உங்ககிட்ட சொன்னதுதான் இதுலயும் இருக்கு."

"நாலு தாளுல அவ்ளோதானா?"

"டாக்டருங்க நீட்டி எழுதுவாங்க. உங்க கொழம்பால ஒண்ணும் ஆவலக்கா. அத மனசுல வெச்சிக்காதீங்க."

சரி என்று ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நீ என்னிடம் என்ன சொன்னாய் என்றோ, குழம்பைப் பற்றியோ நான் அவர்களிடம் வாயே திறக்கவில்லையே.

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கப்போவதும் வனஜா மேடம்தான். படிக்கட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை நான் தனியாகச் சிதம்பரம் பஸ் ஏறப்போகிறேன். அதே டாக்டர் எதிரில் உட்கார்ந்து, ஃபைலை நீட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறேன். அவர் எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து சோறு தின்பேன். உன் மேல் சத்தியம்.

ஒன்று மட்டும் அந்த டாக்டருக்கும் தெரியாது. ஒரு நாள் நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவேன், வந்தால் இப்படிச் சொல் என்று வனஜா மேடத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத்தான் போனாயா மாமா?

உன் அக்கா மகளும் பெண்டாட்டியுமான
அஞ்சலை