ஒரே கைப்பிடியில் பத்து சாம்பிள்

மார்ச் 4

எங்கள் மேலாளர் நோயாளிகளை ஏமாற்றுகிறார் என்று சந்தேகம்.

நாங்கள் தயாரிப்பது இதய மாத்திரை. ஒன்றில் மருந்து கால் மில்லிகிராம்தான், மிச்சமெல்லாம் வெறும் மாவு. சுழலும் உருளையில் இரண்டையும் கலந்த பிறகு மேல், நடு, அடி என்று பத்து இடங்களில் சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அளப்பது நான். பத்து எண்களும் சராசரியிலிருந்து அதிகம் விலகாவிட்டால் நன்றாகக் கலந்திருக்கிறது என்று பொருள். ஐந்து சதவீதம் வரை விடலாம்.

இன்றைய விலகல் 0.3 சதவீதம். ஒரே பொடியைத் திரும்பத் திரும்ப அளந்தாலே என் கருவி அந்த அளவு ஆடும். பத்து இடத்துப் பொடியும் ஒரே பொடி மாதிரி ஒத்துப்போகுமா?

மார்ச் 5

உருளை ஓட்டும் அண்ணனைக் கேட்டேன். எந்நேரமும் முகம் வெளுத்திருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘பவுடர்’.

"அடி வரைக்கும் சாம்பிள் எடுக்கிற கம்பிய விட்டா தோள்பட்டை கழண்டுடும்மா. மேல ஒரு கை அள்ளி பத்துப் பையில போட்டுடுவேன். சார்தான் சொன்னாரு."

"எத்தனை நாளா?"

"நீ வர்றதுக்கு முன்னாடிலேருந்து."

பழைய தாள்களைப் புரட்டினேன். 0.4, 0.3, 0.4. எல்லாவற்றின் அடியிலும் என் கையெழுத்து. அப்போதெல்லாம் அருமையான கலவை என்று மெச்சிக்கொண்டேன் — முட்டாள்.

மார்ச் 6

நானே அந்த உருளைமேல் ஏறினேன். அடியில் மூன்று இடம். இருக்க வேண்டிய மருந்தில் 118, 124, 131 சதவீதம்.

இந்த மருந்து கூடினால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும்.

மார்ச் 7

மேலாளர் கத்தினார். "யாரும்மா உன்னை ஏறச் சொன்னது? அடியில எடுத்தா அப்படித்தான் வரும்!"

தெரிந்தே செய்கிறார். அடிப்பொடி மாத்திரை ஆகாதா? அதை மட்டும் தன் வீட்டுக்கா கட்டி எடுத்துப்போகிறார்?

மார்ச் 8

அத்தானும் எங்கள் மாத்திரையைத்தான் விழுங்குகிறார், தினம் காலையில். அக்காவிடம் வேறு கம்பெனி மாத்திரைக்கு டாக்டரைக் கேள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"சரி, எங்க வீட்டுக்குச் சொல்லிட்ட. மத்த வீட்டுக்கு யாருடி சொல்லுவா?"



மார்ச் 9

ஞாயிறு. ஒன்றும் செய்யவில்லை. அதுவும் ஒரு கையெழுத்துதானே?

மார்ச் 11

என்னைக் குழாய்த் தண்ணீர் சோதிக்கப் போட்டுவிட்டார்கள். அந்தப் பேட்ச் மாத்திரையாகிக் காலையிலேயே லாரி ஏறிவிட்டது. நான் கையெழுத்துப் போடாத அந்தத் தாளில் பக்கத்து மேசைக்காரியின் கையெழுத்து. பத்து எண்கள், 0.3. என் மூன்றும் இல்லை. "எனக்கு வேலை வேணும்டி" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

மேலாளர் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தே வைத்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும்.

"லாரியத் திரும்பக் கூப்பிடுங்க. என் மூணு நம்பரையும் அந்தத் தாள்ல எழுதுங்க."

ஃபேன் காற்றில் மேசைத் தாள்கள் படபடத்தன, அந்தத் தாளும். அவர் ஒரு பேப்பர் வெயிட்டை எடுத்து அவற்றின்மேல் வைத்தார்.