ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

6 ஆகஸ்ட் 2002, செவ்வாய்

தியோடர் மறுபடியும் ஷார்ஜா பேச்சை எடுத்தார். அங்கே பெயர்ப்பலகைக் கம்பெனியில் வேலை. மாதக் கடைசிக்குள் ஏஜெண்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். "மிஷின் ஓடிச்சுன்னா நான் ஏன் போறேன், வனஜா?" என்கிறார்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. இந்த மனிதரை எங்கேயும் அனுப்புவதாக இல்லை.

எழுத்து வெட்டும் மிஷின். எஸ்.பி. ரோட்டுப் பழைய சாமான் கடையில் சர்வோ மோட்டார் இரண்டு பிடித்து வந்து, மேசை, திருகு எல்லாம் அவரே பொருத்திவிட்டார். மோட்டாருக்குப் பவர் சப்ளை செய்வது என் பொறுப்பு.

8 ஆகஸ்ட்

சாயங்காலம் பிளக்கில் மீட்டர் வைத்தேன். 205 வோல்ட்தான். லேத் பட்டறைகள் ஓடுகிற சந்தில் 230 எங்கே வரும்? அதற்கேற்ப டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிற கடையில் சுற்றைக் கூட்டிக் கேட்டேன். ரெக்டிஃபையர் தாண்டி எழுபது வோல்ட் வரும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டு எண்பது வரை தாங்கும். கெட்டிக்காரி நான்.

14 ஆகஸ்ட்

மோட்டார் சுற்றியது! எழுபத்திரண்டு வோல்ட். தியோடர் என் தலையில் கை வைத்துவிட்டுக் காபி போடப் போனார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

போச்சு. ரெண்டு டிரைவரும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை மிஷினைத் தொடுவதில்லை, அது இவர்கள் வீட்டுப் பழக்கம். இன்றைக்குச் சர்ச்சிலிருந்து வந்தவருக்குப் பொறுக்கவில்லை. டப்பென்று சத்தம், புகை.

"சும்மாதான் ஆன் பண்ணேன். நான் தொட்டா எதுவும் உருப்படாது. ஷார்ஜாவுக்கே போறேன், விடு." சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஏன் வெடிச்சுது? நேத்து வரைக்கும் ஓடிச்சே? சந்துல ஒரு சத்தம் இல்ல, ஒரு பட்டறை —

ஐயோ.

மீட்டர் வைத்தேன். 241. டிரைவருக்குப் போகிற கெபாசிட்டரில் எண்பத்தைந்து; போர்டு தாங்குவதோ எண்பதுதான். பட்டறைகள் மூடினால் லைன் ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள்தான் ஞாயிறன்று எதையும் ஓட்டிப் பார்ப்பதில்லையே.

எழுப்பி மீட்டரைக் காட்டினேன். "உங்க கை இல்ல. என் கணக்கு."

மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்ப நீயும் ஷார்ஜாவுக்கு வா" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

20 ஆகஸ்ட்

சுற்றைக் குறைக்கக் கொடுத்தாயிற்று. வாரநாளில் ஐம்பத்தைந்துதான் வரும். மெதுவாக வெட்டட்டும், என்ன அவசரம்?

23 ஆகஸ்ட்

டிரைவர் போர்டுகளில் டிரான்சிஸ்டர் மாற்றினேன். விரலில் சூடு. தியோடர் ஊதினார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

வேண்டுமென்றே இன்றைக்கு. லைனில் 243.

"நீங்க போடுங்க."

"நானா? மாட்டேன்."

அவர் விரலைப் பிடித்துச் சுவிட்சில் வைத்தேன். அறுபத்தெட்டு வோல்ட். அதற்கு மேல் ஏறவில்லை. அலுமினியத் தகட்டில் முதல் எழுத்து சுத்தமாக விழுந்தது. "இது வேலை இல்ல, டெஸ்டிங்" என்று மேலே பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

31 ஆகஸ்ட்

ஏஜெண்ட் போன் செய்தார். தியோடர்தான் எடுத்தார். மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, ஒரு காதைப் பொத்திக்கொண்டார். நிறுத்தட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"சார், இங்க வேலை ஓடிட்டிருக்கு" என்று போனில் கத்தினார். "நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க."